குடிபெயர்ச்சியும் பள்ளிக்கூடமும்: மும்பைத் தமிழர் வரலாற்றில் ஓர் ஏடு

ஆண்டுதோறும் மார்ச்சுத் திங்கள் பிறந்துவிட்டால் மும்பைத் தமிழர் இல்லங்களில் ஒரு பேச்சு எழுவதுண்டு. 'இங்கேயே இருந்துவிடுவதா? பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டு அப்பால் போய்விடுவதா?' என்பதே அப்பேச்சு. அப்பால் என்பது ஒரு குடும்பத்திற்கு முலுண்டு, மற்றொரு குடும்பத்திற்கு டோம்பிவிலி, வேறொன்றிற்கு நெரூல். இடம் வேறுபடினும் கணக்கு ஒன்றே. அங்கே வீடு சற்றுப் பெரிது. பள்ளிக்கு விளையாட்டுத் திடல் உண்டு. இங்கே அலுவலகம் அண்மையில் உள்ளது. கோயிலும் உறவும் நடக்கும் தொலைவில் உள்ளன. தேர்வு முடிவு வரும் வரையில் இப்பேச்சு நீளும். பள்ளி திறந்ததும் அடங்கும். அடுத்த மார்ச்சில் மீண்டும் தலைதூக்கும்.

எம் இல்லத்திலும் இவ்வாண்டு இப்பேச்சு சற்று உரக்கவே எழுந்தது. நடுவணரசு அலுவலகமொன்றில் எழுத்தராய்ப் பணியாற்றும் நமக்கு அண்டாப்ஹில் அரசுக் குடியிருப்பில் ஒரு வீடு. மகன் எட்டாம் வகுப்பு முடித்தான். மகள் நான்காம் வகுப்பு முடித்தாள். நெரூலில் வாழும் மைத்துனர், தம் அடுக்ககத்திலேயே ஒரு வீடு வாடகைக்கு வருவதாகவும், பக்கத்துப் பள்ளியில் இரண்டு இடங்களுக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும் தெரிவித்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் கூடிப் பேசியும் முடிவு பிறக்கவில்லை. அலுவலகத்தில் ஒரு கோப்பில் குறிப்பெழுதுமுன், இதுபோன்று முன்னர் ஏதேனும் நிகழ்ந்ததுண்டா என்று பழைய கோப்புகளைப் புரட்டுவது எழுத்தர் வழக்கம். அவ்வழக்கம் இங்கும் கைகொடுத்தது. நமக்கு முன் இந்நகரில் வாழ்ந்த தமிழர் இதே வினாவை எவ்வாறு எதிர்கொண்டனர் எனப் பழைய ஏடுகளைப் புரட்டலானோம். அவ்வாறு கண்டவற்றையே இம்மலர் படிக்கும் அன்பர்கள்முன் வைக்கிறோம்.

மாட்டுங்கா புறநகராய் இருந்த காலம்

முதலில் ஓர் உண்மையை மனத்திற்கொள்ளல் வேண்டும். நகரம் எது, புறநகர் எது என்னும் எல்லை என்றும் ஒரே இடத்தில் நிற்பதன்று. இன்று தமிழர் வாழ்வின் நடுவிடமாக நாம் கருதும் மாட்டுங்கா, ஒரு நூற்றாண்டுக்கு முன் புறநகராகவே இருந்தது. 1896இல் பிளேக் நோய் பம்பாயைத் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத பழைய குடியிருப்புகளில் மக்கள் கொத்துக்கொத்தாய் மடிந்தனர். அவ்வச்சத்தின் விளைவாக 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு நிறுவப்பட்டது. தீவின் வடபகுதியில் கிடந்த தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் நிலங்களை மனைகளாக வகுத்து, அகன்ற தெருக்களும் பூங்காக்களும் அமைக்கும் திட்டங்கள் அதன் வழியே உருவாயின. நிகில் ராவ் என்னும் வரலாற்றாசிரியர் இப்பகுதியின் அடுக்குமாடி வாழ்வை ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். 'வீடுண்டு, தோட்டமில்லை' என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூல், இவ்விடங்களைப் பம்பாயின் புறநகர்கள் என்றே குறிக்கிறது.

அப்புறநகருக்கு 1920களிலும் 1930களிலும் தென்னிந்தியர் திரளாக வந்து சேர்ந்தனர். தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, கையில் ஒரு பெட்டியுடன் வந்த இளைஞர்கள் அவர்கள். கோட்டைப் பகுதியின் வாணிக நிறுவனங்களிலும் இரயில்வே அலுவலகங்களிலும் அவர்களுக்குப் பணி கிடைத்தது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் விக்டோரியா டெர்மினசிலிருந்து குர்லா வரை நாட்டின் முதல் மின்சார இரயில் ஓடியது. தொலைவிலிருந்து நாள்தோறும் வேலைக்குச் சென்று மீளும் வாழ்க்கைக்கு அது துணை செய்தது. மாட்டுங்காவில் பஜனை சமாஜம் எழுந்தது. ஆஸ்திக சமாஜம் எழுந்தது. வாழையிலையில் சோறிடும் உணவகங்கள் எழுந்தன. குடும்பங்கள் வந்தன; குழந்தைகள் பிறந்தனர். அதன் பின்னரே பள்ளி பற்றிய கவலை பிறந்தது.

1932இல் எம். வி. வேங்கடேசுவரன் அவர்களின் முயற்சியால் தென்னிந்தியக் கல்விக் கழகம் தோன்றியது. இன்று எஸ்.ஐ.இ.எஸ். என்று நாமெல்லாம் சுருக்கி அழைக்கும் அமைப்பு அதுவே. வந்து குடியேறிய தென்னிந்தியரின் பிள்ளைகளுக்காக மாட்டுங்காவில் தொடங்கிய பள்ளியிலிருந்து அது வளர்ந்தது. 1960இல் சயானில் கல்லூரியும் கண்டது. இதனிடையே மாட்டுங்காவைச் சூழக் கல்வி நிலையங்கள் பெருகின. விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிலையம் 1923இல் இங்கு இடம்பெயர்ந்தது. ரூயியா கல்லூரியும் கால்சா கல்லூரியும் 1937இல் தோன்றின. டான் பாஸ்கோ பள்ளி 1941இல் வந்தது.

ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. நல்ல பள்ளி இருப்பதைக் கேள்வியுற்று மாட்டுங்காவிற்குத் தமிழர் வரவில்லை. வாடகையும் இரயிலும் அவர்களை அழைத்து வந்தன. வந்த இடத்தில் பள்ளி போதாமையால் தாமே கூடிப் பள்ளி அமைத்தனர். வீடு முன்னே வந்தது; பள்ளி பின்னே வந்தது.

செம்பூரும் அதற்கப்பாலும்

அடுத்த பெயர்ச்சிக்கு வித்திட்டது ஒரு சட்டம். 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகைகளை உறைய வைத்தது. குடியிருப்போருக்கு அது பெரும் காப்பு. ஆனால் வாடகைக்கு விடுவதற்கென வீடு கட்டும் வழக்கம் நாளடைவில் அருகியது. மாட்டுங்காவில் இரண்டு அறைகளில் வாழ்ந்த ஒரு குடும்பத்தில் மூன்று ஆண்மக்கள் இருந்தால், மணமானபின் ஒருவனுக்கு அங்கே இடமுண்டு. மற்ற இருவரும் வெளியேற வேண்டும். பகடிப் பணம் கொடுத்து அதே தெருவில் இன்னொரு வீடு பிடிக்க எழுத்தர் ஊதியம் இடந்தரவில்லை. அவ்விருவரும் சென்று சேர்ந்த இடங்களுள் முதன்மையானது செம்பூர்.

செம்பூர் அந்நாளில் எத்தகைய ஊர்? குர்லாவிலிருந்து அவ்வூருக்குப் பயணிகள் இரயில் 1924இல்தான் விடப்பட்டது. 1950இல்தான் அவ்வூர் பம்பாய் மாநகராட்சியின் எல்லைக்குள் வந்தது. நாட்டுப் பிரிவினைக்குப்பின் சிந்து மக்களின் அகதி முகாம் அங்கே அமைந்தது. அதற்கு அடுத்த மாகுலில் 1950களின் நடுவில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்தன. 1960களில் டிராம்பே உரத் தொழிற்சாலை எழுந்தது. ஆலைப் புகையால் அவ்வூரைக் 'காஸ் சேம்பர்' என்று நகையாடியவர்களும் உண்டு. ஆதலால் பிள்ளைகளின் நலத்திற்கெனத் தேடிப்போன ஊர் அது என்று சொல்வதற்கில்லை. கைக்கெட்டும் விலையில் வீடு கிடைத்த ஊர் என்பதே பொருந்தும்.

எனினும் அங்கும் பள்ளிகள் வந்தன. பிறந்த மண்ணையே இழந்து வந்த சிந்து மக்கள், ஹஷு அத்வானி அவர்களின் தலைமையில் 1962இல் விவேகானந்தர் பெயரால் ஒரு கல்விச் சங்கத்தை நிறுவினர். டிராம்பே அணுசக்தி நிலையத்தின் ஊழியர் பிள்ளைகளுக்காக 1969இல் அணுசக்திக் கல்விக் கழகம் தோன்றியது. இவ்விரு நிறுவனங்களின் பள்ளிகளிலும் பயின்று உயர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் பலர். செட்டா நகரில் முருகன் கோயில் எழுந்தது. செம்பூரும் தமிழர் ஊராயிற்று.

பின்னர் முலுண்டு, தாணே, டோம்பிவிலி, கல்யாண், அம்பர்நாத் என இருப்புப்பாதை நெடுகிலும் தமிழ்க்குடிகள் பரவின. கல்யாண் நகரிலிருந்து கோட்டைப் பகுதிக்கு 54 கிலோமீட்டர். நாள்தோறும் மூன்று மணி நேரத்தை இரயிலுக்குக் கொடுத்துவிட்டு, வீட்டிற்கு ஓர் அறையைக் கூடுதலாகப் பெற்ற தந்தையரின் கதை அது. கிழக்கே 1970இல் தொடங்கிய சிட்கோ நிறுவனம் கடற்கழிக்கு அப்பால் புதிய நகரை உருவாக்கியது. 1992 மே 9ஆம் நாள் மான்குர்டிலிருந்து வாஷிக்கு இரயில் ஓடியபின் அந்நகரும் நம்மவர்க்கு அருகாயிற்று. மாட்டுங்காவில் 1932இல் தோன்றிய அதே தென்னிந்தியக் கல்விக் கழகம் 1990களில் நெரூலுக்குச் சென்று கல்வி நிலையங்களை நிறுவிற்று. மக்கள் முன்னே சென்றனர். பள்ளி அவர்களைத் தேடிச் சென்றது.

குடிக்கணக்கு காட்டும் உண்மை

மக்கள்தொகைக் கணக்கு இப்பெயர்ச்சியை ஐயத்திற்கிடமின்றிக் காட்டுகிறது. 1971இல் கொலாபா முதல் சயான் வரையிலான பழைய தீவு நகரில் சுமார் 30.7 லட்சம் மக்கள் வாழ்ந்தனர். மாநகராட்சியின் புறநகர்ப் பகுதியில் சுமார் 29 லட்சம். இரண்டும் ஏறத்தாழச் சமம். 1981இல் தீவு நகரில் 32.85 லட்சம், புறநகரில் 49.58 லட்சம். 2011இல் தீவு நகரின் தொகை 30.85 லட்சமாகக் குறைந்தது. புறநகரின் தொகையோ 93.57 லட்சமாக உயர்ந்தது. தாணே, டோம்பிவிலி, நெரூல் முதலியன இக்கணக்கில் சேரா. அவற்றையும் சேர்த்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும்.

தீவு நகரில் மக்கள் குறைந்ததற்குக் காரணங்கள் பல. 1982 ஜனவரியில் தொடங்கிய பஞ்சாலை வேலைநிறுத்தத்திற்குப்பின் ஆலைகள் பல மீண்டும் எழவில்லை. வீட்டு விலை விண்ணைத் தொட்டது. அலுவலகங்களே வடக்கு நோக்கி நகர்ந்தன. மாட்டுங்காவில் மூத்தோர் மறைந்தபின் மக்கள் கூடி வீட்டை விற்று, அப்பணத்தில் ஆளுக்கொரு வீடு தொலைவில் வாங்கிக்கொண்டனர். மாட்டுங்காச் சந்தையில் மல்லிகையும் வாழையிலையும் முருங்கையும் இன்றும் உண்டு. வாங்க வருவோரில் பலர் செம்பூரிலிருந்தும் முலுண்டிலிருந்தும் இரயிலேறி வருகின்றனர்.

பிற நாட்டார் கண்ட வழி

பள்ளிக்காக வீடு மாறுதல் உலகில் நமக்கு மட்டும் உரிய கவலையன்று. ஐக்கிய அமெரிக்காவில் பொதுப் பள்ளிகளின் செலவில் கணிசமான பகுதி அவ்வப் பகுதியின் வீட்டு வரியிலிருந்து வருகிறது. எந்தப் பள்ளி வட்டாரத்தில் வீடோ அந்த வட்டாரத்துப் பள்ளியே பெரும்பாலான பிள்ளைகளுக்கு உரியதாகும். எனவே அங்கு வீட்டைத் தெரிவு செய்வது பள்ளியைத் தெரிவு செய்வதேயாகும். 1954 மே 17ஆம் நாள் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், வெள்ளையர் பிள்ளைகளையும் கறுப்பினத்தார் பிள்ளைகளையும் தனித்தனிப் பள்ளிகளில் பிரித்து வைத்தல் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. அதன்பின் வந்த ஆண்டுகளில் பெருநகரங்களிலிருந்து வெள்ளையர் குடும்பங்கள் புறநகர்களுக்குப் பெயர்ந்தது விரைவுற்றது. டெட்ராயிட் நகர வழக்கில் 1974இல் அதே நீதிமன்றம், நகரப் பள்ளிகளையும் புறநகர்ப் பள்ளிகளையும் ஒன்றுசேர்க்கப் புறநகர் வட்டாரங்களைக் கட்டாயப்படுத்த இயலாது என்றது. வசதியுள்ளோர் வரியையும் தம்முடன் எடுத்துச் சென்றனர். இல்லாதோரிடம் பள்ளிக் கட்டடம் மட்டும் எஞ்சியது.

நம் நாட்டிலும் இதை முன்னுணர்ந்தோர் இருந்தனர். 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு, ஒரு பகுதியின் பிள்ளைகள் அனைவரும், செல்வர் வறியர் வேறுபாடின்றி, அப்பகுதியின் பொதுப்பள்ளியிலேயே பயில வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதிகாரியின் மகனும் கடைநிலை ஊழியரின் மகனும் ஒரே பலகையில் அமர்ந்தால், அப்பள்ளியின் கூரை ஒழுகும்போது அதிகாரியும் வாளாவிரார் என்பது அதன் உட்கருத்து. அப்பரிந்துரை முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் அருகமைப் பள்ளியைப் பற்றிப் பேசிற்று. ஆயினும் மும்பையில் ஓர் அடுக்ககத்தின் பத்துப் பிள்ளைகள் பத்து வண்டிகளில் ஏறிப் பத்துப் பள்ளிகளுக்குச் செல்வதையே நாம் காண்கிறோம். அமெரிக்கனுக்கு வீடே பள்ளியை முடிவு செய்யும். நமக்கோ கட்டணமும் பயிற்றுமொழியும் முடிவு செய்யும்.

பயிற்றுமொழி என்ற சொல் வந்துவிட்டது. இதுவரை கூறியது ஆங்கிலத்தால் பிழைத்து ஆங்கிலக் கல்வியை நாடிய எழுத்தர் குடும்பங்களின் கதை. மாட்டுங்காவிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் வேறொரு தமிழகம் இருந்தது. அதன் பெயர் தாராவி. நாம் பிறந்ததும் அங்கேதான்.

தாராவியின் தமிழ் வகுப்பு

மீனவர் ஊராயிருந்த தாராவியின் சதுப்பு நிலத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோல் பதனிடும் தொழில் வந்தமர்ந்தது. அத்தொழிலறிந்த தமிழர், சிறப்பாக நெல்லைச் சீமையின் வறண்ட ஊர்களைச் சேர்ந்தோர், அங்கு வந்து குடிசையமைத்தனர். நகரம் ஏற்க மறுத்த நாற்றத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டனர். ஆனால் கல்வியை அவர்கள் மறக்கவில்லை. தாராவியின் முதற்பள்ளி எனப்படுவது 1924இல் எழுந்த ஒரு தமிழ்ப்பள்ளியே. மாட்டுங்காவில் கல்விக் கழகம் தோன்றுவதற்கு எட்டாண்டுகள் முன்னரே அது எழுந்தது. இச்செய்தியை நம் சங்கத்து இளைஞர்கள் பலர் அறியார்.

பின்னர் மாநகராட்சி அப்பொறுப்பின் பெரும்பகுதியை ஏற்றது. மராத்தி, இந்தி, உருது, குசராத்தி, ஆங்கிலம், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றோடு தமிழிலும் மும்பை மாநகராட்சி பள்ளிகளை நடத்தி வருகிறது. வேற்று மாநிலத் தலைநகர் ஒன்று நம் மொழியில் கட்டணமின்றிக் கல்வி தந்தது சிறிய செய்தியன்று. ஆனால் அத்தொடக்கப் பள்ளிகள் பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றன. எட்டாம் வகுப்பில் பிள்ளை வேற்றுமொழிக்குத் தாவ வேண்டும். தாவியவர் சிலர், வழியில் நின்றவர் பலர்.

மாட்டுங்காத் தமிழ்ப் பிள்ளையும் தாராவித் தமிழ்ப் பிள்ளையும் ஒரே பலகையில் அமர்ந்ததில்லை. ஒரு மொழி பேசியும் இரு பள்ளி. ஒரு நகரில் வாழ்ந்தும் இரு நகர். பொங்கல் விழாவிலும் பட்டிமன்றத்திலும் நாம் கூடிக்கொண்டோம், பள்ளியில் கூடவில்லை. இக்குறையை வேறெவர்மேலும் சுமத்த இயலாது.

1993ஆம் ஆண்டு நினைவு

எம் தந்தையார் 1968இல் நெல்லையிலிருந்து வந்து தாராவித் தோல் கூடமொன்றில் சேர்ந்தவர். 1992 டிசம்பரிலும் 1993 ஜனவரியிலும் மும்பையில் கலவரம் மூண்டபோது நாம் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியொன்றில் ஆறாம் வகுப்பு பயின்று வந்தோம். தாராவியும் எரிந்தது. பல நாள் பள்ளி மூடிக் கிடந்தது. தாதர் நிலையத்தில் சென்னை வண்டிக்கு மூட்டை முடிச்சுடன் மக்கள் இரவும் பகலும் காத்துக் கிடந்தனர். ஊருக்குப் போனவர்களில் சிலர் திரும்பவில்லை. திரும்பியவர்களில் சிலர் தாராவிக்குத் திரும்பவில்லை. எம் சிற்றப்பா அம்பர்நாத்தில் ஒரு சாலில் அறை பிடித்துவிட்டு, அண்ணனையும் அழைத்துச் செல்ல வந்தார். தந்தையார் கூறிய மறுமொழி இன்றும் காதில் ஒலிக்கிறது.

"அங்கன போனா இவன் எந்தப் பாஷையில படிப்பான்டே? ஏழாவது முடியட்டும், பாப்போம்."

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த அம்மனிதர், உயிரச்சத்தையும் ஒரு தட்டில் வைத்து, மகனின் தமிழ் வகுப்பை மற்றொரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்திருக்கிறார். தட்டு வகுப்பின் பக்கம் சாய்ந்தது. அது சரியான கணக்கா என இன்று நாம் சொல்லமாட்டோம். தமக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால் என்ன செய்வார் என்று நம் தாயார் பல்லாண்டு குறைப்பட்டுக்கொண்டதும் உண்மை.

1993 ஜூனில் பள்ளி திறந்தபோது வகுப்பைக் கண்டு திகைத்தோம். முந்தைய ஆண்டு மூன்று வரிசை நிறைந்திருந்த அறையில் ஒன்றரை வரிசைப் பிள்ளைகளே இருந்தனர். சில வாரங்களில் 'அ' பிரிவும் 'ஆ' பிரிவும் ஒன்றாக்கப்பட்டன. பிள்ளைகளின் எண்ணிக்கைக்கேற்ப ஆசிரியர் பணியிடம் என்பது விதி. ஆகவே ஓர் ஆசிரியை வேறு பள்ளிக்கு மாற்றப்பட்டார். கணக்குப் பாடத்தை அவரிடம் கற்றுவந்த நாம், அவ்வாண்டு கணக்கில் பின்தங்கினோம். மறு ஆண்டு ஆங்கிலவழிப் பள்ளியொன்றில் எட்டாம் வகுப்பில் சேர்ந்து, ஆறு திங்கள் வாய் திறவாமல் கடைசிப் பலகையில் அமர்ந்திருந்தது வேறு கதை.

பெயர்ந்து சென்ற குடும்பங்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. உயிருக்கு அஞ்சியவர்களை யார் குறைகூறுவர்? ஆயினும் அன்று கண்ட உண்மை மறக்கவில்லை. வீடு மாறுவது ஒரு குடும்பத்தின் கணக்கு. வகுப்பு நிற்பதோ பல குடும்பங்களின் கணக்கு. ஒருவர் எழுந்து சென்றால் அவர் பிள்ளைக்கு மட்டும் அன்று, எஞ்சியிருக்கும் பிள்ளைக்கும் பள்ளி மாறிவிடுகிறது.

இன்று தாராவி மீண்டும் அத்தகைய நாளை எதிர்நோக்குகிறது. 2022 நவம்பரில் அப்பகுதியின் மறுசீரமைப்புப் பணிக்கான ஏலம் அதானி குழுமத்திற்குக் கிடைத்தது. 2000 ஜனவரி 1க்கு முன் குடியிருந்தோர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்றும், பின்னர் வந்தோர்க்கு வேறிடத்தில் என்றும் வகுக்கப்பட்டுள்ளது. எவர்க்கு எங்கே வீடு என்பது பற்றிப் பேச்சு மிகுதி. எந்தப் பிள்ளைக்கு எங்கே தமிழ் வகுப்பு என்பது பற்றிப் பேச்சு குறைவு. சங்கங்கள் கேட்க வேண்டிய வினா அதுவே.

நம் முடிவு

பழைய ஏடுகளைப் புரட்டியபின் எம் இல்லத்து வினாவிற்கு மீள்வோம். நடுவணரசு ஊழியர்க்கு ஒரு வசதியுண்டு. இடமாறும் ஊழியர் பிள்ளைகளின் படிப்பு கெடாதிருக்கத் தோன்றியவை கேந்திரிய வித்யாலயப் பள்ளிகள். 1963இல் இருபது பள்ளிகளுடன் தொடங்கிய அத்திட்டத்தால் நம் போன்றோர் பிள்ளைகள் எவ்வூர் சென்றாலும் ஒரே பாடத்தைத் தொடரலாம். ஆனால் அங்குத் தமிழ் இல்லை. ஆதலின் நம் குடியிருப்பில் ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு ஒரு தமிழ் வகுப்பு நடைபெறுகிறது. ஓய்வு பெற்ற ஆசிரியை அம்மையார் ஒருவர், இரயில்வே எழுத்தர் ஒருவர், நாம் ஆகிய மூவர் ஆசிரியர்கள், பிள்ளைகள் பதினால்வர். அம்மையார்க்கு மூட்டுவலி, மாடியேற இயலாத நாட்கள் மிகுதி. இரயில்வே நண்பர்க்கு ஞாயிறும் பணிமுறை வரும். அறையின் சாவி எம் வீட்டில்தான் இருக்கிறது.

"நெரூலில் தமிழ் வகுப்பு உண்டா?" என்று மகள் கேட்டாள். மைத்துனரிடம் கேட்டோம். தம் அடுக்ககத்தில் ஆறு தமிழ்க் குடும்பங்கள் உண்டென்றும், வகுப்பு இல்லையென்றும் கூறினார். "நீங்க வந்தா ஆரம்பிச்சிடலாம், அத்தான்" என்றும் சேர்த்துச் சொன்னார். அவர் கூறியதும் நம் வரலாற்றோடு பொருந்துவதே. மாட்டுங்காவிலும் தாராவியிலும் பள்ளி கட்டியவர்கள் யாவரும் ஓரிடத்தை விட்டு வந்தவர்கள்தாமே!

முடிவைச் சொன்னவர் நம் துணைவியார். "பெரியவன் பத்தாவது எழுதட்டும். அதற்குள் வகுப்பை நடத்த இருவரைப் பழக்குங்கள். சாவியைக் கொடுத்த பிறகு வீடு பார்ப்போம்" என்றார். ஏழாவது முடியட்டும் என்ற தந்தையாரின் சொல் நமக்கு நினைவுக்கு வந்தது. இரண்டாண்டு அவகாசம் கிடைத்தது. நெரூலில் பார்த்த வீடு வேறொருவர்க்குப் போயிற்று. அதன் திடலையும் சாளரத்தையும் எண்ணி மகன் சில நாள் முகம் வாடியிருந்தான். அதையும் இங்கே மறைக்க விரும்பவில்லை.

நம் முன்னோரின் ஏடு நமக்குக் கற்பித்தது இது. நல்ல பள்ளி எங்கே இருக்கிறது என்று தேடுவது பெற்றோர் கடமை. ஆனால் பம்பாய்த் தமிழரின் நூற்றாண்டு வரலாற்றில் பள்ளி எங்கும் ஆயத்தமாய்க் காத்திருக்கவில்லை. சென்றவர்கள் கூடி அமைத்தனர்; இருந்தவர்கள் கூடிக் காத்தனர். கூடாத இடத்தில் தொடங்கவும் இல்லை, நிலைக்கவும் இல்லை.

எனவே சங்கத்து அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்வோர் பெயர்க, தடுப்பார் யாருமில்லை. பெயருமுன் சங்கத்தில் ஒரு சொல் சொல்லிச் செல்க. செல்லுமிடத்தில் ஏற்கெனவே வாழும் தமிழ்க் குடும்பங்களின் பெயர்களைச் சங்கம் எழுதித் தரட்டும். ஐந்து குடும்பங்கள் ஓர் அறையில் கூடினால் ஞாயிறு வகுப்பு ஒன்று தொடங்கிவிடலாம். விட்டுச் செல்லும் இடத்தில் ஒரு வகுப்பு நடந்துகொண்டிருந்தால், அதன் சாவியை இன்னொருவர் கையில் கொடுத்தபின் வண்டியில் ஏறுக.